வராதவர் பெயர்



பெரட்டு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருட்டு விலகாத நேரத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர்கள் நீங்கள். இல்லையென்றால் உங்கள் அப்பா அம்மா நின்றிருப்பார்கள். பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லையென்றால் அன்றைக்குப் பெயர் இல்லை, பெயர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று செக்ரோல் புத்தகம் கேட்காது.

இந்தத் தடவை நான் எழுத வந்தது சிறிய சபைகளைப் பற்றி. பெரட்டுக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

கோலாலம்பூரில் ராஜா சூலான் சாலையில் செயின்ட் ஆன்ட்ரூஸ் பிரஸ்பிட்டேரியன் ஆலயம் இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் எழும்பிய கட்டடம். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. நம் தோட்டத்துத் துரைமாரில் அந்த நாட்டார் நிறையப் பேர். துரை அங்கே ஆங்கிலத்தில் ஆராதித்தார். தோட்டத்துக் கிறிஸ்தவத் தமிழர் லயத்து வாசலில் பாய் விரித்து ஜெபித்தார்கள். பட்டணத்தில் தமிழருக்கென்று எழுந்தவை பெரும்பாலும் வேறு சபைகள். பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன், மெதடிஸ்ட் தமிழ் ஆலயங்களை இன்றும் பார்க்கலாம். ஆகவே பிரஸ்பிட்டேரியன் என்ற பெயரே நம்மில் பலருக்கு வாயில் நுழையாது.

ஆனால் அதன் பொருள் நமக்கு அந்நியமல்ல. கிரேக்க மொழியில் பிரெஸ்பிட்டெரோஸ் என்றால் மூத்தவர். தமிழ் வேதாகமம் மூப்பர் என்கிறது. 1560-இல் ஸ்காட்லாந்தில் மதச் சீர்திருத்தம் நடந்த பிறகு, போதகரும் மூப்பர்களும் கூடி உட்கார்ந்து சபையை நடத்துவது அங்கே வழக்கமாயிற்று. மூப்பர் சம்பளக்காரர் அல்ல. வாரமெல்லாம் தன் தொழிலைப் பார்க்கிறவர். இத்தனை வீடு இவர் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். திருவிருந்துக்கு முன்பு ஈயத்தில் வார்த்த சிறு வில்லை கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் பந்தியில் இடம். பின்னாளில் வில்லை போய் அச்சடித்த அட்டை வந்தது.

இதில் எனக்குச் சம்மதமில்லாத இடமும் உண்டு. வில்லையைக் கொடுக்காமல் ஒருவரை வெளியே நிறுத்தவும் முடியும் அல்லவா? நலம் விசாரிக்கப் போகிறவர் வேவு பார்க்கிறவராக மாற எத்தனை நாளாகும்?

இந்த இடத்தில் நம் தமிழ் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் எபேசு சபையின் மூப்பரை வரவழைத்துப் பேசுகிறார். பேச்சின் நடுவில் அவர்களையே வேறொரு பெயரால் குறிப்பிடுகிறார். தமிழில் அது என்ன சொல் தெரியுமா? கண்காணி! லயத்து ஜெபக்கூட்டத்தில் இதை வாசிக்கக் கேட்ட நம் தாத்தாமார் மனதில் என்ன ஓடியிருக்கும்? ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்து, வேலைக்கு இறங்கிய தலைக்கு இத்தனை காசு என்று வாங்கிய கங்காணியைத்தானே அவர்கள் கண்டார்கள்? 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தபோது அந்த ஆள்கட்டு முறை முடிந்தது. சொல்லின் கசப்பு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் மூப்பராக இருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவர் சபை பிரஸ்பிட்டேரியன் அல்ல. ஆனால் வேலை அதுதான். போதகர் மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளுக்கு இவரே பொறுப்பு. பிள்ளைகளையும் சேர்த்து முப்பது பேர் தேறமாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தார். அதில் வந்தவர் பெயரை எழுதுவதில்லை, வராதவர் பெயரை மட்டும் எழுதுவார். மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போவார். ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார். கொடுத்த காப்பியைக் குடிப்பார். மழையைப் பற்றி, பால் குறைந்ததைப் பற்றி, பையன் பரீட்சையைப் பற்றிப் பேசுவார். புறப்படும்போது சின்னதாக ஒரு ஜெபம். முதல்நாள் குடித்துவிட்டு எழுந்திருக்காதவர் வீட்டிலும் அதே காப்பிதான், அதே பேச்சுதான்.

பிறகு நடந்தது உங்கள் கதையும்தான். ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று. லயத்துச் சனங்கள் கிள்ளான், காப்பார், பூச்சோங் என்று சிதறிப்போனார்கள். சபை முடிந்தது என்றார்கள் பலர். சிலர் பட்டணத்துப் பெரிய சபைகளில் சேர்ந்தார்கள். பாட்டும் வாத்தியமும் அங்கே பிரமாதம், குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டு நான்காம் மாதம் போனால், "புதுசா வந்திருக்கீங்களா?" என்று கைகொடுக்கிறார்களாம்! பெரிய கூட்டத்தின் சங்கடம் அது.

இளைஞர்கள் வருவதில்லை என்ற புலம்பலும் எனக்குப் பிடிக்காது. தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட்டால் பையன் என்ன செய்வான்? பெரியவர் அதற்கும் வழி வைத்திருந்தார். ஷிப்ட் முடிகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, செவ்வாயோ வியாழனோ, பஸ் ஏறிப் போனார். கால் ஓய்ந்த பிறகு டெலிபோனில் கூப்பிட்டார். நோட்டு மட்டும் நிற்கவில்லை.

இப்போது அவர் அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டதால் நோட்டில் எழுதுவது பேத்தி. ஹால் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். கண் ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, யாரும் சொல்லாமலே பேத்தி தாத்தாவின் பெயரையும் எழுதி வைத்தாளாம்.

அவர் வீடு திரும்பிய அன்று மாலை, பழைய லயத்துக் குடும்பங்கள் இரண்டு, லிப்ட் கெட்டுக் கிடந்ததால் நாலு மாடி ஏறி வந்திருக்கின்றன. அதில் ஒருவர், அந்தக் காலத்தில் ஞாயிறு காலையில் எழுந்திருக்காதவர். ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை. காப்பி குடித்தார்.