மலைவழித் தோழமை

நுழையும்முன்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். ஆயினும், புல்நுனியில் தங்கி வெயில் ஏறியதும் மறையும் பனியே தமிழகத்துச் சமவெளியினர் நன்கறிந்தது. மலையையே மூடிக் கிடக்கும் பனியைக் காண இன்றைய இளைஞர் நண்பர்களுடன் இமயச் சாரல்களுக்குச் செல்கின்றனர். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் ஒருநாள் நடைக்கும் உடல்வலிமை மட்டும் போதுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பனிமலையின் இயல்பு

காரைக்குடியின் வெயிலில் வளர்ந்த ஒருவருக்குப் பனிமலை முற்றிலும் புதிய நிலம். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 2,500 மீட்டருக்கு மேல் செல்லச்செல்ல, காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியின் அளவும் குறைகிறது. அதனால் தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியன தோன்றலாம். விளையாட்டில் பரிசுகள் பெற்றவரையும் இந்நோய் விட்டுவைப்பதில்லை. அறிகுறிகள் முற்றும்போது தாழ்வான இடத்திற்கு இறங்குவதே முதன்மையான மருந்து. பொருட்படுத்தாமல் மேலேறுவது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

பனித்தரையும் பொழுதுக்குப் பொழுது மாறுவது. காலையில் இறுகியிருக்கும் பனி, வெயில் ஏறியதும் இளகிக் காலை உள்வாங்கும். உருகிய நீர் மாலையில் மீண்டும் உறைந்து வழுக்கும். பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி, காப்புக் கண்ணாடி அணியாதவர் கண்ணைப் புண்படுத்தும். குளிரில் உடல் மிகத் தளரும்போது அறிவும் மங்குவதால், தாம் தளர்வதைத் தளர்பவரே உணராமற்போவதுண்டு. தடுமாறும் நடையையும் குழறும் பேச்சையும் உடன்வருபவரே முதலில் கண்டறிய முடியும். எனவே, பனிமலையில் தோழமை என்பது பொழுதுபோக்கன்று, உயிர்க்காப்பு.

ஒரே கயிற்றில் இருவர்

எவரெஸ்ட் சிகரத்தை 1953 மே 29 அன்று டென்சிங் நார்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் அடைந்தனர். அப்பயணத்தின் தொடக்கநிலையிலேயே, பனிப்பிளவு ஒன்றில் விழுந்த ஹிலாரியைத் தம்மோடு பிணைத்திருந்த கயிற்றை இறுகப்பற்றித் தடுத்துக் காத்தவர் டென்சிங். அவர்களுக்குப் பின்னால் ஜான் ஹண்ட் தலைமையிலான குழுவினரும், 350க்கும் மேற்பட்ட சுமைதூக்குவோரும் இருந்தனர்.

சிகரத்தில் முதலில் கால்வைத்தவர் யார் என்று உலகம் ஓயாது வினவியபோது, இருவரும் சேர்ந்தே அடைந்தோம் என்பதே அவர்கள் விடையாக இருந்தது. ஹிலாரியே சில அடிகள் முன்சென்றவர் என்பதை 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங்கே எடுத்துரைத்தார். ஒரே கயிற்றில் பிணைந்தவர்களுக்குள் முன், பின் என்னும் வரிசைக்குப் பொருளில்லை. இவ்வுண்மையை மறந்து, உச்சியில் எடுக்கும் ஒளிப்படத்திற்காக நண்பரைப் பாதிவழியில் தனியே விட்டுச்செல்வோர், உயரத்தை அடைந்தாலும் மலையேற்றத்தில் தோற்றவரே ஆவர்.

திரும்பும் துணிவு

‘எடுத்த செயலை இடையில் விடுவது கோழைத்தனம்’ என்பர் சிலர். கல்விக்கும் தொழிலுக்கும் பொருந்தும் இக்கருத்து மலைக்குப் பொருந்தாது. 1996 மே மாதம் எவரெஸ்டில் வீசிய பனிப்புயலில் எண்மர் உயிரிழந்தனர். திரும்பியிருக்க வேண்டிய நேரம் கடந்தபின்னும் சிலர் உச்சியை நோக்கி நடந்தது அப்பேரிடருக்கான காரணங்களுள் ஒன்று. உச்சி எவ்வளவு அண்மையில் இருப்பினும், குறித்த நேரம் வந்ததும் திரும்புதல் வேண்டும் என்பது மலையேறுவோர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம்.

இடர் என்பது பனிமலைக்கு மட்டும் உரியதன்று. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்திற்கான விதிகளை வகுத்தது. 2024இல் பயிற்சிபெற்ற வழிகாட்டிகளுடன் 40 வழித்தடங்களைத் திறந்தது. மலைப்பயணத்தையே தடைசெய்ய வேண்டும் என்னும் அச்சமும், விதிகள் எதற்கு என்னும் அலட்சியமும் ஒருசேரத் தவறானவை. முறையான அனுமதி, வழிகாட்டி, தக்க உடை, வானிலை அறிவு ஆகியவற்றுடன் செல்வதே நெறி.

செட்டிநாட்டு மண் காட்டும் நெறி

இந்நெறி செட்டிநாட்டிற்குப் புதியதன்று. தைப்பூசத்தை ஒட்டிய பனிக்காலத்தில் நகரத்தார் காவடிகளுடன் குன்றக்குடியில் ஒன்றுகூடிச் சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும் வழக்கம் பன்னூறு ஆண்டுகளாகத் தொடர்கிறது. முதியோரும் இளையோரும் சேர்ந்து செல்லும் அந்நெடுவழியில், முதலில் சென்றடைபவருக்குத் தனிப்பெருமை ஏதுமில்லை.

சிங்கம்புணரியை அடுத்துள்ள பிரான்மலையோ, பாரி ஆண்ட பறம்புமலையாகக் கருதப்படுவது. அடிவாரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயிலும் உச்சியில் தர்காவும் கொண்டு, பலரும் சேர்ந்து ஏறும் மலையாக அது இன்றும் விளங்குகிறது. மூவேந்தர் பகையால் பாரி மாய்ந்தபின், புலவர் கபிலர் அவன் மகளிரை உடனழைத்துச் சென்று, அவர்தம் வாழ்விற்கு வழிதேடி அலைந்ததைப் புறநானூறு வழி அறியலாம். பறம்பின் வளத்தைத் துய்த்த நாள்களைவிட, அம்மலையை விட்டு இறங்கிய நாளிலேயே கபிலரின் நட்பு முழுமையாக வெளிப்பட்டது.

மலையேற்றத்திற்கும் அதுவே அளவுகோல். குழுவின் வேகத்தை முடிவுசெய்ய வேண்டியவர் விரைந்து நடப்பவரல்லர், மெல்ல நடப்பவரே. ‘என்னால் இயலவில்லை’ என்று ஒருவர் நாணமின்றிக் கூற இடமளிப்பதும், அவ்வாறு கூறியவருடன் முகம் சுளிக்காமல் இறங்குவதும் நண்பர் கடன். இமயத்திற்குச் செல்ல விழையும் இளைஞர், அக்கடனைப் பிரான்மலையின் படிகளிலேயே பழகத் தொடங்கலாம். பனி மூடிய உச்சி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்; புறப்பட்ட அனைவரும் மாலையில் அடிவாரம் திரும்புவதே அப்பயணத்தின் வெற்றியாகும்.