புள்ளி இலை மட்டும் போதுமா?

இங்கிலாந்தில் வெயில் படாத தோட்ட மூலைகளில் ஆக்யூபா என்னும் புதர்ச்செடியை வளர்ப்பது வழக்கம். ஜப்பான் நாட்டுச் செடியான இது ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். பச்சை இலையில் மஞ்சள் புள்ளிகளைத் தெளித்தாற்போல் இருக்கும். மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு. ஆகவே உணவுத் தயாரிப்பும் அங்கே குறைவு. ஆயினும் இருண்ட மூலைக்கு அழகூட்டுபவை அந்தப் புள்ளிகளே.

1783ஆம் ஆண்டில் ஜான் கிரேஃபர் என்பவர் இச்செடியை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். மக்கள் போத்து வெட்டி நட்டே இதனைப் பரப்பினர். ஆனால், இதன் சிவந்த பழத்தை எவரும் காணவில்லை. ஏன்? பப்பாளியைப் போலவே ஆக்யூபாவிலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வந்தது பெண் செடி. அதன் போத்துகள் யாவும் பெண்ணே! 1861ஆம் ஆண்டு வாக்கில் ராபர்ட் ஃபார்ச்சூன் ஜப்பானிலிருந்து ஆண் செடியைக் கொண்டுவந்தார். அதன் பின்னரே பழம் கிடைத்தது.

விதைக் கன்றில் புள்ளி இருக்கும் என்ற உறுதி இல்லை. எனவே போத்து நடுவதைக் குறைகூற முடியாது. ஆனால் மாணவர்களே, ஒரு செடியின் நூறு போத்துகள் நூறு வகைச் செடிகள் ஆகா. ஒன்றை வாட்டும் நோய் அனைத்தையும் வாட்டக்கூடும். ஆகவே, நிழல் தோட்டத்தில் புள்ளி இலைகளுக்கு நடுவே வெறும் பச்சை இலைச் செடிகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அழகு ஒன்றையே பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை ஆகுமா?