காதின் தீர்ப்பா, விலைச்சீட்டின் தீர்ப்பா?

பாட்டுக் கேட்கும் கருவிகளில், ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்பிளிபயருக்கு ஆம்பிளிபயர் ஒலி பெரிதும் மாறுபடுமென்றும், விலை ஏற ஏற இனிமையும் ஏறுமென்றும் ஒரு நம்பிக்கை வெகு காலமாய்ப் பரப்பப்பட்டு வருகின்றது. ஒன்று “குளிர்ந்த சத்தம்” என்கின்றார்கள். மற்றொன்று “உயிருள்ள சத்தம்” என்கின்றார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டாலோ, “உமக்குக் காது பழகவில்லை” என்று வாயை அடைக்கின்றார்கள். கேள்வி கேட்டவனையே குறையுள்ளவனாக்கி விடும் இந்தப் பதில் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல.

நிற்க, இதைச் சோதித்துப் பார்க்க முடியாதா என்றால், தாராளமாய் முடியும். சோதித்தும் இருக்கின்றார்கள். அமெரிக்காவில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ என்னும் பத்திரிகை 1987 ஜனவரியில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. சுமார் 220 டாலர் கருவி முதல் 12,000 டாலர் கருவி வரை வைத்து, பேதமுண்டு என்பவர்களையும் இல்லை என்பவர்களையும் சேர்த்து 25 பேரைக் கேட்கச் செய்தார்கள். சத்தத்தின் அளவைச் சமமாக்கி, ஒலிப்பது எந்தக் கருவி என்பதை மட்டும் மறைத்தார்கள். முடிவு என்ன? சரியாய்ச் சொன்னது நூற்றுக்கு ஏறக்குறைய ஐம்பது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் இதுவேதான் கிடைத்திருக்கும்!

அளவைச் சமமாக்குவானேன் என்று கேட்கலாம். ஒரு கருவி மற்றதைவிட ஒரு டெசிபலுக்கும் குறைவாகவே கூடுதலாய் ஒலித்தாலும், கேட்பவன் “சத்தம் கூடுதல்” என்று சொல்லுவதில்லை. “தெளிவு கூடுதல்” என்றே சொல்லி விடுகின்றான். கடையில் இந்த ஒன்றே போதும், பையைக் காலி செய்ய.

அப்படியானால் பேதமே கிடையாதா என்றால், நாம் அப்படிச் சொல்லவில்லை. சக்திக்கு மீறி முடுக்கினால் எந்தக் கருவியும் ஒலியைச் சிதைக்கும். இரைச்சலுள்ள மட்டமான கருவிகளும் உண்டு. சில வால்வுக் கருவிகள், ஸ்பீக்கரின் மின்தடை சுரத்துக்குச் சுரம் மாறுவதற்கேற்ப ஒலியையும் மாற்றி விடும். ஆனால் இவையெல்லாம் அளந்து காட்டக் கூடிய காரணங்களேயன்றி மாயமல்ல. பாப் கார்வர் என்பவர் 1985-ல் ‘ஸ்டீரியோபைல்’ பத்திரிகைக்காரர் முன்னிலையில், தம் மலிவான டிரான்சிஸ்டர் கருவியை, விலை மிகுந்த ஒரு வால்வுக் கருவிபோல் ஒலிக்கச் செய்து காட்டினார். இரண்டின் ஒலியையும் ஒன்றையொன்று கழிக்க விட்டு, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும்வரை திருத்தினார். முடிவில் அப்பத்திரிகைக்காரர்களாலேயே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“மறைத்து வைத்தால் மனம் கலங்குகிறது, அதனால் தெரிவதில்லை” என்று இன்னொரு சமாதானம் சொல்லுகின்றார்கள். இரவும் பகலும் போன்ற பேதம் என்று கூறினவர்களுக்கு, பெயர்ப் பலகையை மூடியதும் இரவு எது, பகல் எது என்று தெரியாமற் போவானேன்? மற்ற மூடநம்பிக்கைகள் கண்ணை மூடினால்தான் நிற்கின்றன. இதுவோ கண்ணைத் திறந்திருந்தால்தான் நிற்கின்றது!

பணக்காரன் 12,000 டாலரை வீசினால் அது அவன் பாடு. ஆனால் பாட்டில் ஆசை கொண்ட ஏழைக் குமாஸ்தாவும் தொழிலாளியும், தங்கள் கருவி மட்டமென்று வெட்கப்பட்டுக் கடன் வாங்குவதுதான் நமக்கு வருத்தமளிக்கின்றது. ஆதலால் வாங்க நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். ஒரே ஸ்பீக்கரில் இரண்டு கருவிகளையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஸ்பீக்கர் முனையில் வோல்ட் மீட்டர் வைத்து அளவைச் சமமாக்குங்கள். நீங்கள் பாராதபடி வேறொருவர் மாற்றட்டும். பத்துக்கு ஒன்பது முறையாவது சரியாய்ச் சொன்னால் தாராளமாய் வாங்குங்கள். ஐந்தும் ஆறுமானால், அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். அங்கே உள்ள பேதம் காதுக்கும் தெரியும், அளவுக்கும் தெரியும்.

யார் சொன்னாலும், நாமே சொன்னாலும், சோதித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.