கோழிக்கு எந்த எண்ணெய்?

சென்ற விடுமுறையில் சித்திரபுரம் போயிருந்தேன். மூணாற்றுக்கு அருகே, தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மலையூர் அது. என் சொந்த ஊர். கொழுந்து கிள்ளித் திரும்பிய அத்தை முட்டை அவித்தார். பத்து வயது மகளுக்கு வெள்ளையைத் தந்து, மஞ்சளை எடுத்து எறிந்துவிட்டார். "கொழுப்பாம் தம்பி, ரத்தத்துல ஏறிடுமாம்" என்றார். மறுநாள் கடைத்தெருவில் "கொலஸ்ட்ரால் குறைந்த முட்டை" என்றொரு பெட்டியைக் கண்டேன். விலையோ இரு மடங்கு! எளியோரின் அச்சம் இன்று விற்பனைச் சரக்காகிவிட்டது.

உண்மை என்ன? கோழியையே கேட்போம். முட்டையிடும் பருவம் வந்ததும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அதன் கல்லீரலை முடுக்குகிறது. கல்லீரல் ஆக்கும் கொழுப்பை இரத்தம் சுமந்து சென்று மஞ்சட்கருவில் சேர்க்கிறது. அக்காலத்தில் அதன் இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டுவதும் உண்டு. மனிதனுக்கு அது நோய். கோழிக்கோ அன்றாடத் தொழில்! அக்கொழுப்பைக் கருவுக்குள் வாங்கும் ஏற்பி பிறவியிலேயே பழுதுபட்ட கோழிகளும் உண்டு. அவற்றின் இரத்தத்தில் கொழுப்பு தேங்கிக் கிடக்கும், முட்டையோ அரிது.

தீவனத்தில் எண்ணெய் சேர்த்தால் என்ன ஆகும்? பறவையின் குடல் உறிஞ்சும் கொழுப்பு நேரே கல்லீரலுக்குச் செல்கிறது. ஆகவே ஊட்டிய எண்ணெயின் சாயல் சில வாரங்களிலேயே இரத்தத்திலும் மஞ்சட்கருவிலும் தெரிகிறது. சூரியகாந்தி எண்ணெய் தந்தால் லினோலிக் அமிலம் மிகும். ஆளிவிதை எண்ணெய் தந்தால் ஒமேகா-3 மிகும். அளவு மிஞ்சினாலோ முட்டையில் மீன்வாடை வீசும்!

கொலஸ்ட்ரால் மட்டும் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. எந்த எண்ணெயை ஊட்டினாலும், ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் என்னும் அளவு பெரிதும் அசைவதில்லை. குஞ்சு உருவாக அது வேண்டுமன்றோ?

ஆகவே என் கருத்து இது. எண்ணெயை மாற்றி ஒமேகா-3 மிகுந்த முட்டை தருவோர், அது எத்தனை மில்லிகிராம் என்று பெட்டியில் அச்சிடட்டும். அது நேர்மையான வாணிபம். எண்ணெயைக் காட்டிக் கொலஸ்ட்ரால் குறைந்தது என்பது ஏமாற்று. உணவில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்றிருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டியே தன் 2015–2020 பதிப்பில் கைவிட்டது. நோயுற்றோர் மருத்துவரைக் கேட்கட்டும்; வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து மஞ்சட்கருவை ஏன் பறிக்க வேண்டும்?

கேரளத்திற்குப் பெருமளவில் முட்டை அனுப்புவது நம் நாமக்கல். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் விளையும் அறிவு மலையேறித் தோட்டத்து வீடுகளை அடைய வேண்டாமா? அதைத் தமிழில் சுமந்து செல்வது யார் கடன்? படிக்கின்ற நம் கடன்தான்! அடுத்த விடுமுறையில் அத்தைமகள் முழு முட்டையையும் உண்ணக் கண்டால், நான் கற்றதற்குப் பயன் உண்டு என்பேன்.