வாசலுக்கு டைல்ஸ்! அடுப்படிக்கு இருட்டு!

சின்னச் செலவில் வீட்டைச் சீராக்கும் வழி

"ஏங்க, அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வச்சா என்ன?"

"இருக்கட்டும் புள்ள. முதல்ல வாசலை முடிப்போம். நாலு பேர் வந்து போற இடம்."

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. பேச்சு முடிந்தது. வாசலுக்கு டைல்ஸ் வந்தது. திண்ணைக்குப் பளபளப்பான தூண் வந்தது. கடனும் வந்தது. அடுப்படி மட்டும் பழைய இருட்டிலேயே கிடக்கிறது!

வாசலில் நிற்கிறவர் ஐந்து நிமிடம் நிற்பார். அடுப்படியில் நிற்கிறவள் நாள் முழுவதும் நிற்கிறாள். பணம் எங்கே போக வேண்டும்?

நாள் முழுவதும் இருக்கிறவர் படும் துன்பத்தைத் தீர்க்கத்தான் முதல் பணம் போக வேண்டும். பார்க்க வருகிறவரின் பாராட்டு அப்புறம்.

நைனார்பாளையத்து வெயில்

கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டாரத்தில் உள்ள ஊர் நைனார்பாளையம். கல்வராயன் மலை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் மலையின் குளிர்ச்சி கீழே உள்ள ஊர்களுக்கு வருவதில்லை. சித்திரை பிறந்தால் வெயில் கொளுத்துகிறது.

இந்தப் பக்கத்து ஊர்களில் ஓட்டு வீடும் உண்டு. தகரக் கொட்டகையும் உண்டு. அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடும் உண்டு. கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிறது. இரவில் அதை வீட்டுக்குள் விடுகிறது. மின்விசிறி சுற்றினாலும் அனல்தான் இறங்குகிறது. கைக்குழந்தை அழுகிறது. முதியவர் திண்ணையில் புரள்கிறார். மறுநாள் தேர்வு எழுத வேண்டிய பிள்ளை தூங்காமல் விழித்துக் கிடக்கிறது.

இதற்கு ஏ.சி. வாங்க வேண்டுமா? வேண்டாம். முதல் மருந்து சுண்ணாம்பு!

கூரைக்கு வெள்ளை

வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுத்துப்போன மாடி வெயிலை இழுத்துக்கொள்ளும். வெள்ளைச் சட்டைக்கும் கறுப்புச் சட்டைக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

2010-ம் ஆண்டு மே மாதம் ஆமதாபாத் நகரத்தில் கடும் வெப்பம் வீசியது. வழக்கத்தைவிட 1,300 பேருக்கு மேல் அதிகமாக இறந்தார்கள். 2013-ல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு திட்டம் வகுத்தது. 2017-ல் ஏழைகள் குடியிருப்புகளில் கூரைக்கு வெள்ளை பூசும் வேலையும் அதில் சேர்ந்தது. பூசிய வீடுகளுக்குள் வெப்பம் சில டிகிரி குறைந்தது.

செய்முறை எளிது. ஒரு கிலோ சுண்ணாம்புக்குச் சுமார் ஐந்து லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊற வேண்டும். துணியில் வடிகட்டி, சிறிது பசை கலக்க வேண்டும். மாடியை நன்றாகப் பெருக்கிக் கழுவி, இரண்டு முறை பூச வேண்டும். மழையில் கரையும், ஆகையால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மறுபடி பூச வேண்டும்.

ஓர் எச்சரிக்கை! சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி கூடாது. இரும்புப் பாத்திரம் வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும்.

தகரத்தில் சுண்ணாம்பு நிலைத்து நிற்காது. அதற்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தேய்க்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

காற்றுக்கு இரண்டு வழி

ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் காற்று எட்டிப் பார்க்கும், உள்ளே வராது. வந்த காற்று வெளியே போகவும் வழி வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு திறப்பு போதும். சூடான காற்று மேலேதான் நிற்கும். அது அந்த வழியாக வெளியேறும். சிமெண்ட் ஜாலி ஒன்று வைத்துவிட்டால் பூனையும் வராது, மழைச் சாரலும் குறையும். சுவரை உடைக்குமுன் கொத்தனாரைக் கேட்க வேண்டும். பாரம் தாங்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது.

லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் மறைந்தார். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியே அவர் சுவர் எழுப்பினார். ஜன்னல் செலவு மிச்சம். காற்றும் வெளிச்சமும் தாராளம்! 1990-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குறைந்த செலவில் கட்டினால் கௌரவம் குறையும் என்று நினைப்பவர்கள் அவரை நினைத்துப் பார்க்கலாம்.

வெளிச்சமும் புகையும்

ஓட்டு வீட்டு அடுப்படி இருட்டாக இருக்கிறதா? ஓர் ஓட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கண்ணாடி ஓடு வைத்தால் போதும். பகலில் விளக்கே வேண்டாம். அரிசியில் கல் தெரியும். மூலையில் தேள் இருந்தாலும் தெரியும். உள்சுவருக்கு வெள்ளை அடித்தால் அதே வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்றும்.

பல வீடுகளில் கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் சிலிண்டர் விலைக்குப் பயந்து விறகு எரிகிறது. வெந்நீர் வைப்பதும் விறகில்தான். எரிகிற வரைக்கும் புகைக்கு வழி வேண்டும். 1950-களிலேயே ஐதராபாத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி உள்ள அடுப்பைப் பரப்பினார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமைப்பது நியாயமா? ஒரு குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றிவிடுவது பெரிய வேலையா?

தரை தந்த பாடம்

மெக்சிகோ நாட்டில் கோவாஹுயிலா என்ற மாநிலம் இருக்கிறது. 2000-ம் ஆண்டில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. ஏழைகள் வீட்டு மண் தரைக்குச் சிமெண்ட் போட்டார்கள். அவ்வளவுதான். வேறு எதையும் மாற்றவில்லை.

பிறகு ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது. தரை முழுதும் மாறிய வீடுகளில், குழந்தைகளின் குடல்புழுத் தொல்லை 78 சதவீதம் குறைந்திருந்தது. வயிற்றுப்போக்கு 49 சதவீதம் குறைந்திருந்தது. தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது!

தரைக்கும் மனத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. குழந்தைக்கு நோய் இல்லை என்றால் தாய்க்குத் தூக்கம் வரும்.

நம் ஊரிலும் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், மண் தரையை மாற்றுவதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும். வாசல் டைல்ஸ் காத்திருக்கலாம். குழந்தை காத்திருக்காது.

அரசு செய்ய வேண்டியது

"ஏழைக்குச் சுண்ணாம்பு பூசச் சொல்லிவிட்டால் ஆயிற்றா? நல்ல வீடு வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல வீடு கட்டாயம் வேண்டும்.

தமிழக அரசு 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் வீடுகள் என்பது அறிவித்த இலக்கு. ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்றும் அறிவித்தார்கள். உரிமை உள்ளவர்கள் விடாமல் கேட்டுப் பெற வேண்டும்.

ஆனால் ஒன்று. வீடு கட்டித் தருகிறவர்கள் சுவரையும் கூரையையும் மட்டும் கணக்கிடக் கூடாது. எதிரெதிர் ஜன்னல், அடுப்படிக்கு வெளிச்சம், கூரைக்கு வெள்ளைப் பூச்சு — இவையும் கணக்கில் வர வேண்டும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம். இல்லாவிட்டால் குடும்பம் படும் பாடு ஆயுள் முழுவதும்.

வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். வாடகை ஏறும்போது வசதியும் ஏற வேண்டாமா?

யாரைக் கேட்க வேண்டும்?

ஒரே நாளில் எல்லாம் செய்ய வேண்டியதில்லை. கோடைக்கு முன் கூரை. அறுவடைப் பணம் வந்தால் தரை. தீபாவளிக்குப் புதுத் துணியோடு ஒரு கண்ணாடி ஓடு. வாரத் தவணைக் கடன் இல்லாமலே வீடு மாறிவிடும்.

எதை முதலில் செய்வது என்ற சந்தேகம் வந்தால், கொத்தனாரைக் கேட்குமுன் வீட்டுக்காரியைக் கேட்க வேண்டும். எங்கே புகை நிற்கிறது, எங்கே மழை ஒழுகுகிறது, எந்த மூலையில் குழந்தை வழுக்கி விழுந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் கேட்டது ஒரு ஜன்னல்தான். அதை முதலில் வைக்கட்டும்!