தடுப்பவனே தோழன்

பைத்தானின் பாண்டாஸில், ஆளுக்கொரு வரி, பாடத்துக்கொரு பத்தி என்று அட்டவணையைத் திருப்பிப் போட 'பிவட்', 'பிவட் டேபிள்' என இரண்டு வழி உண்டு. நம்மில் பலருக்கும் இரண்டாவதுதான் செல்லப்பிள்ளை, சண்டை போடாதே!

நானும் அதில்தான் வகுப்பின் செய்முறை மதிப்பெண்களைத் திருப்பினேன். ஒரு நண்பனுக்கு வராத நாளின் 0, மறுதேர்வின் 42 என இரண்டு வரிகள். அது கமுக்கமாக 21 போட்டுவிட்டது. "டேய், நான் பெயிலா?"ன்னு அவன் கேட்டபோதுதான் முழித்தேன். வேறு கணக்குச் சொல்லாவிட்டால் அதன் வழக்கமே சராசரிதானாம்!

பிவட்டோ, ஒரே கட்டத்துக்கு இரண்டு மதிப்பு வந்தால் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். அந்த முரட்டுப் பயலைத்தான் முதலில் கூப்பிடணும் என்பேன். இரட்டை வரி ஏன் வந்தது என்று பார்த்த பிறகு மற்றது வரட்டும்.

நண்பனுக்கு 42 திரும்பக் கிடைத்தது. டீக்காசு மட்டும் என்னுடையது.