பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? என்ஜினுக்கு முன்னால் கடுதாசியைப் பாருங்க!

சாயங்கால நேரம். முகப்பேர் ஏரி ஸ்கீம் பக்கம் ஒரு சிவப்புக் கார் உறுமிக்கொண்டு போகிறது. பஸ்சுக்கு நிற்கிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களின் வீட்டு வாசலில் மட்டும் நின்ற வண்டி இது. இப்போது பழைய கார் சந்தைக்கு வந்துவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்து முன்னுக்கு வந்தவருக்கும் ஒரு நப்பாசை. புதுசு வாங்க வேண்டுமானால் கோடிக்கணக்கில் வேண்டும். பழசு என்றால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது.

"சார், சிங்கிள் ஓனர் வண்டி. டாக்டர் ஓட்டினது. வாரத்துல ஒரு நாள்தான் வெளியே எடுப்பாரு" என்பார் புரோக்கர்.

ஆசையில் தப்பு இல்லை. ஆனால் அந்தக் கார் இந்த நாட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்தால் பிறகு கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான். கேரளாவிலும் சென்னையிலும் நடந்த சோதனைகள் அதைத்தான் சொல்கின்றன.

கேரளாவில் சோதனை

2025 செப்டம்பர் 23-ந் தேதி கேரளாவில் பல இடங்களில் சுங்க இலாகாவினர் ஒரே சமயத்தில் புகுந்தார்கள். சோதனைக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் நும்கோர்'. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வாகனம்.

பூட்டானில் கழித்துவிடப்பட்ட வெளிநாட்டு வண்டிகள் எல்லை தாண்டிக் கொண்டு வரப்பட்டன, போலிக் கடுதாசிகளை வைத்து இமாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்யப்பட்டன, பிறகு கேரளாவில் விற்கப்பட்டன என்பது சுங்க இலாகாவின் குற்றச்சாட்டு. முதல் நாளிலேயே 36 வண்டிகள் பிடிபட்டன. நடிகர்கள் துல்கர் சல்மான், பிருத்விராஜ் வீடுகளிலும் சோதனை நடந்தது. தன் காரைத் திரும்பக் கேட்டு துல்கர் சல்மான் கேரள ஐகோர்ட்டுக்குப் போனார்.

சென்னைக்கும் புதுசு அல்ல

2013 மார்ச் 21-ந் தேதி சென்னையில் சி.பி.ஐ. அதிகாரிகள் இதே போல இறங்கினார்கள். தீர்வை ஏய்த்து இறக்குமதியான வெளிநாட்டு கார்களைப் பற்றிய வழக்கு அது. அன்றைய தி.மு.க. பொருளாளர் மு.க.ஸ்டாலின் வீட்டிலும் சோதனை நடந்து டெல்லி வரை அரசியல் பரபரப்பு கிளம்பியது.

இரண்டு சம்பவத்திலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதிகாரிகள் காரைக் கொண்டு வந்தவரை மட்டும் தேடவில்லை. கார் இப்போது யார் வாசலில் நிற்கிறதோ, அங்கேயும் வந்து நின்றார்கள்.

காரணம் பணம்தான். முழுதாக இறக்குமதியாகும் விலை உயர்ந்த காருக்கு, காரின் விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ தீர்வை என்பது நெடுங்கால நிலைமை. பாதி விலையைக் குறைத்துக் காட்டினாலே பல லட்சம் மிச்சம். அதில்தான் மோசடி முளைக்கிறது.

போர்ஷே கார் வழக்கு

2002-ல் ஒரு போர்ஷே கரேரா கார் இறக்குமதியானது. அது கைமாறி இன்னொருவரிடம் போனது. இறக்குமதியின் போது விவரங்களை மாற்றிக் காட்டியதாக கொச்சி சுங்க இலாகா கண்டுபிடித்தது. சுமார் 18 லட்ச ரூபாய் தீர்வை கேட்டு, வாங்கியவர் மேலேயே பாய்ந்தது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தீர்வை கட்ட வேண்டியவர் இறக்குமதி செய்தவர்தான், பின்னால் வாங்கியவர் அல்ல என்று 2024-ல் தீர்ப்பு வந்தது. நியாயம் கிடைத்தது. ஆனால் கார் இந்தியாவுக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! அந்தத் தீர்ப்பு தீர்வையைப் பற்றியதுதான். கள்ள வழியில் வந்த வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் சுங்கச் சட்டத்தில் இருக்கவே இருக்கிறது.

எந்தக் கடுதாசி?

முதலில் கேட்க வேண்டியது 'பில் ஆப் என்ட்ரி'. துறைமுகத்தில் கார் இறங்கியபோது சுங்க இலாகாவில் தாக்கல் செய்த பத்திரம். தீர்வை கட்டிய ரசீதும் கூட வேண்டும். அதில் உள்ள சேசிஸ் நம்பர், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பர், வண்டியில் பொறித்திருக்கும் நம்பர் மூன்றும் ஓர் எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். இங்கே ஷோரூமில் விற்ற கார் என்றால் முதல் பில்லைக் கேளுங்கள்.

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் சலுகையில் கொண்டு வந்த காரா? அதை 2 வருஷத்துக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை உண்டு. தேதியைப் பாருங்கள்.

அடுத்தது நம்பர் பிளேட். புதுச்சேரி போன்ற வெளி இடத்துப் பதிவு என்றால் உஷார். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்ப குறையும். ஆனாலும் அந்தத் தொகை உங்கள் தலையில்தான் விழும்.

வரிப் பாக்கி லேசில் விடாது. நடிகர் விஜய் 2012-ல் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் காரின் நுழைவு வரி விவகாரம், 2021-ல் ஐகோர்ட்டுத் தீர்ப்பாக வந்து தலைப்புச் செய்தியானது. அது புதுக் கார். பழைய காரில் எத்தனை பேருடைய பாக்கி ஒளிந்திருக்கும்?

வெளி மாநில வண்டிக்கு 28-ம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று, பாங்கிக் கடன் தீர்ந்ததற்கு 35-ம் நம்பர் படிவம், பெயர் மாற்றத்துக்கு 29, 30. எல்லாம் கைக்கு வந்த பிறகே பணம். அதுவும் பாங்கி மூலம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது.

தண்ணீரில் நின்ற வண்டியா?

முகப்பேர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் கூவம் பொங்கி நொளம்பூர் மிதந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. ஸ்போர்ட்ஸ் காருக்கும் தரைக்கும் அரை அடி இடைவெளிகூட இருக்காது. முழங்கால் தண்ணீர் வந்தாலே உள்ளே போய்விடும்.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் சங்கதி புரிந்துவிடும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? இன்சூரன்சில் பழைய கிளெய்ம் உண்டா என்றும் விசாரியுங்கள்.

மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள்

கம்பெனி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் இந்த வண்டிகளை வாங்கக்கூடாது. சில போர்ஷே கார்களில் என்ஜினை அளவுக்கு மீறி முறுக்கிய கணக்குக்கூடப் பதிவாகியிருக்கும். மீட்டரைத் திருத்தலாம். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரொம்பப் பழசு என்றால் மாற்றத்தான் வேண்டும். பழைய பெராரி 355 மாடலில் டைமிங் பெல்ட் மாற்ற என்ஜினையே கீழே இறக்க வேண்டும். வாங்கிய விலை மலிவு என்பதால் ரிப்பேர்ச் செலவு மலிவாகிவிடாது. புதுக் காரின் ஸ்பேர் பார்ட்ஸ் விலைதான் பழைய காருக்கும்.

வீட்டு வாசல் சரிவில் ஏறுமா, தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுமா என்றும் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

"இன்னிக்கே அட்வான்ஸ் குடுங்க சார். நாளைக்கு வேற பார்ட்டி வராங்க" என்று அவசரப்படுத்துவார்கள். வரட்டும். ஐந்து லட்ச ரூபாய்க்குப் பழைய மாருதி வாங்குகிறவர்கூட ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. அரைக் கோடி கொடுக்கிறவர் ஒரு வாரம் காத்திருந்து பில் ஆப் என்ட்ரியைச் சரி பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. காட்ட மறுக்கிறாரா? அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.